எந்தப் படிவரை வரவேற்பு? சுவிசேஷச் சபைகளும் பால்புதுமையர் விசுவாசிகளும்

தமிழ்நாட்டில் சுவிசேஷச் சபை ஒன்றின் திருவிருந்து மேசைக்குப் பின்னால் திருநங்கை ஒருவர் ஆயராக நிற்கத் தொடங்கிப் பத்தாண்டுகளுக்கு மேலாகிவிட்டது. தூத்துக்குடியில் இந்துக் குடும்பத்தில் பிறந்து, பின்னர் கிறித்தவத்தைத் தழுவி, இறையியலில் பட்டம் பெற்ற பாரதி, இந்திய சுவிசேஷத் திருச்சபையில் ஆயராக அமர்த்தப்பட்டுச் செங்கல்பட்டுப் பகுதிச் சிற்றூர் ஒன்றில் ஊழியம் செய்தார். நாட்டின் முதல் திருநங்கை ஆயர் என்று நாளேடுகள் அவரை அறிமுகப்படுத்தின. திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே இது நிகழ்ந்தது.

இ.சி.ஐ. என்று மக்கள் வழக்கில் அறியப்படும் அந்தத் திருச்சபை, அமெரிக்க ஓ.எம்.எஸ். மிஷனரிகளின் பணியிலிருந்து 1954இல் உருவானது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டது. நெடுங்காலம் அதன் பேராயராக இருந்தவர் எஸ்றா சற்குணம். மாநிலச் சிறுபான்மையினர் ஆணையத்தின் தலைவராகவும் பணியாற்றிய அவர், திராவிட இயக்கத்தோடு நெருங்கி நின்று சமூகநீதி மேடைகளில் ஓயாமல் பேசியவர். 2024 செப்டம்பரில் மறைந்தார். அவருடைய தலைமையின் காலத்தில்தான் பாரதி ஊழியத்திற்குள் வந்தார்.

சி.எஸ்.ஐ., லுத்தரன் போன்ற பழைய சபைகள் தாராளமானவை, சுவிசேஷச் சபைகளும் பெந்தெகொஸ்தே சபைகளும் இறுக்கமானவை என்று படித்த வட்டாரங்களில் ஓர் எண்ணம் உண்டு. பாரதியின் வரலாறு அந்த எண்ணத்தைக் கொஞ்சம் கலைக்கிறது. பழைய சபைகளில் சினாடு, பேராயம், குழு, துணைக்குழு என்று ஒரு கோரிக்கை ஏறி இறங்குவதற்குள் கோரியவர் முதுமை அடைந்துவிடுவார். புதிதாகச் சபை நடுகின்ற அமைப்பில் ஒரு பேராயர் மனம் வைத்தால் போதும். ஆனால் இதே காரணத்தால்தான் அது கொள்கையாக வேரூன்றவில்லை என்பதும் நம் கணிப்பு. ஒருவருடைய மனத்தால் திறந்த கதவு அடுத்தவருடைய மனத்தால் சாத்தப்படலாம்.

அந்த நியமனத்தின் முழுப் பொருள் தலித் வாசகருக்கு எளிதில் விளங்கும். இருக்கையில் அமர இடம் கொடுப்பது ஒன்று. அப்பத்தையும் திராட்சை ரசத்தையும் ஒருவருடைய கையிலிருந்து வாங்குவது வேறொன்று. யார் கையால் யார் உண்பது என்பதே சாதியின் அடிப்படைக் கேள்வி. 1830களில் தஞ்சைப் பகுதிச் சபைகளில் தனி இருக்கை, தனிப் பந்தி ஆகியவற்றைக் கைவிட வேண்டும் என்று கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833இல் சுற்றறிக்கை விடுத்தபோது, வெள்ளாளக் கிறித்தவர் பலர் சபையையே விட்டு வெளியேறினர். ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டு கழித்து, 2008 மார்ச்சில், எறையூரில் தலித் கத்தோலிக்கர் தனிப் பங்கு கேட்ட தகராறு துப்பாக்கிச் சூட்டில் போய் முடிந்தது, இருவர் இறந்தனர். ‘கிறிஸ்துவுக்குள் எல்லோரும் ஒன்று’ என்ற சொல்லுக்கும் பந்திக்கும் இடையே எவ்வளவு தூரம் உண்டு என்பதை நாம் பாடமாகப் படிக்க வேண்டியதில்லை. ஆகவே, ‘எங்கள் ஊழியம் எல்லோரையும் வரவேற்கிறது’ என்று ஒரு சபை சொல்லும்போது, எந்தப் படிவரை என்று கேட்கும் உரிமையும் பழக்கமும் நமக்கு உண்டு.

படிகள் பல. ஆராதனைக்கு வரலாம் என்பது முதற்படி. ஞானஸ்நானமும் திருவிருந்தும் உண்டு என்பது அடுத்தது. பாடகர் குழு, ஓய்வுநாள் பள்ளி, சபைக்குழு உறுப்பினர் பதவி என்பது அதற்கு மேல். ஊழியராக அமர்த்துவது இன்னும் மேல். திருமணத்தை ஆசீர்வதிப்பதும் கல்லறைத் தோட்டத்தில் இடம் தருவதும் மிகச் சில சபைகளே ஏறியிருக்கும் படிகள். முதற்படியில் நிற்கும் சபைகள் அனைத்தும் தம்மை வரவேற்கும் சபைகள் என்றே அழைத்துக்கொள்கின்றன.

அதோடு, வரவேற்கப்படுவோர் யார் என்பதிலும் ஓர் ஒழுங்கு இருக்கிறது. தமிழ்நாட்டில் திருநங்கையர்க்குத் திறக்கும் கதவு, தன்பாலீர்ப்புள்ள ஆணுக்கோ பெண்ணுக்கோ அவ்வளவு எளிதில் திறப்பதில்லை. திருநங்கையின் நிலை பிறவியோடு வந்தது, அதில் அவர் குற்றம் ஏதுமில்லை என்று ஆயர்கள் சொல்கிறார்கள். இரு பெண்கள் சேர்ந்து வாழ்வதைப் பாவம் என்கிறார்கள். திருநம்பியரோ பேச்சிலேயே இடம் பெறுவதில்லை. இரக்கத்தின் அடிப்படையில் தரப்படும் இடம் இரக்கம் உள்ளவரைதான் நிலைக்கும். தன்பாலீர்ப்பாளர் இரக்கத்தைக் கேட்பதில்லை, உறவுக்கு அங்கீகாரம் கேட்கின்றனர். அதனால்தான் அவர்கள் முன் கதவு அடைபடுகிறது.

கடத்தூரிலிருந்து பார்க்கையில்

வெற்றிலைச் சந்தைக்குப் பெயர்பெற்ற கடத்தூர், பாப்பிரெட்டிப்பட்டி வட்டத்திலுள்ள பேரூராட்சி. இப்பக்கத்து இளைஞர் பெங்களூருக்கும் ஓசூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குச் சென்று திரும்புபவர்கள். அரூர், மொரப்பூர், பொம்மிடி வட்டாரத்தில் சுவிசேஷ ஊழியம் என்றால் பெரும்பாலும் கோபுரமும் மணியும் உள்ள ஆலயம் அன்று. தகரக் கூரையும் வாடகைக் கட்டடமும் ஒலிபெருக்கியும் உள்ள ஜெபவீடு. அதை நடத்துபவர் பல இடங்களில் தாமே தலித்தாக இருப்பார். அவருக்குப் பேராயம் இல்லை, ஊதியம் இல்லை, ஓய்வூதியம் இல்லை. காணிக்கைதான் வாழ்வு. வழிபாட்டுத் தலம் கட்ட மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதி வேண்டும் என்ற விதி அவர் தலைக்குமேல் எப்போதும் தொங்குகிறது. மதமாற்றப் புகார் ஒன்று போதும், கூடுகை நின்றுவிடும்.

இந்த நிலையை ஏன் விரித்துச் சொல்கிறோம் என்றால், ஜெபவீட்டுக்கு ஒரு திருநங்கை வந்து பின்வரிசையில் அமரும்போது அந்த ஆயரின் மனத்தில் ஓடுவது வேதாகமம் மட்டும் அன்று. கட்டட உரிமையாளர் என்ன சொல்வார், ஊர்ப் பெரியவர்கள் என்ன சொல்வார்கள், காணிக்கை தரும் குடும்பங்கள் வேறு சபைக்குப் போய்விடுமா என்ற கணக்கும் ஓடுகிறது. அவரைப் பிற்போக்காளர் என்று வைது நகர்வது நகரத்து ஆர்வலருக்கு எளிது. அவரோடு அமர்ந்து பேசினால் மாற வாய்ப்புள்ளவர் அவர்தான் என்பது நம் அனுபவம். மாற்ற முடியாதவர், பெருநகர மண்டபத்திலிருந்து தொலைக்காட்சியில் பேசுகிறவர்.

தருமபுரி மாவட்டத்தில் ஒருவர் தம் துணையைத் தாமே தெரிவு செய்வதன் விலை என்ன என்பதும் நினைவில் இருக்க வேண்டும். 2012 நவம்பர் 7 அன்று நாயக்கன்கொட்டாய் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டிக் குடியிருப்புகளில் 250க்கும் மேற்பட்ட தலித் வீடுகள் தாக்கப்பட்டுச் சூறையாடப்பட்டன. பலவற்றுக்குத் தீ வைக்கப்பட்டது. காரணமாகச் சொல்லப்பட்டது ஒரு சாதி மறுப்புத் திருமணம். 2013 ஜூலை 4 அன்று இளவரசன் தண்டவாளத்தருகே பிணமாகக் கிடந்தார். ஆணும் பெண்ணும் செய்த திருமணத்தையே பொறுக்காத மண்ணில், ஒரு தலித் பெண் இன்னொரு பெண்ணோடு வாழ விரும்புவது இரட்டைக் குற்றமாகவே பார்க்கப்படும். அவர் ஒரு கிறித்தவராகவும் இருந்தால், ஊரும் சபையும் ஒரே குரலில் பேசும்.

மந்திரி யார்?

வரவேற்பை எதிர்ப்பவர்கள் வேதாகமத்தைத் திறக்கிறார்கள். நாமும் திறந்து பார்க்கலாம். தமிழ்ச் சபைகளில் பெரும்பாலானவை படிப்பது 19ஆம் நூற்றாண்டின் பவர் திருப்புதல். அப்போஸ்தலர் நடபடிகள் 8ஆம் அதிகாரத்தில் பிலிப்பு, எத்தியோப்பிய அரசியின் கருவூலத் தலைவர் ஒருவரைச் சாலையில் சந்தித்து ஞானஸ்நானம் கொடுக்கிறார். கிரேக்க மூலத்தில் அவர் விதையடிக்கப்பட்டவர் என்றே அழைக்கப்படுகிறார். அதே சொல்லை மத்தேயு 19ஆம் அதிகாரத்தில் ‘அண்ணகர்’ என்று பெயர்த்த நம் திருப்புதல், இங்கே மட்டும் ‘மந்திரி’ என்று பெயர்த்துவிட்டது. அச்சொல்லுக்கு அரண்மனை அலுவலர் என்ற பொருளும் வழங்கியது உண்மை. ஆனால் விளைவைப் பாருங்கள். திருச்சபை வரலாற்றின் தொடக்கத்திலேயே, பாலின வரையறைக்குள் அடங்காத ஒரு கறுப்பினத்தவர் எந்த நிபந்தனையும் இன்றித் தண்ணீரில் இறங்கினார் என்ற செய்தி, தமிழ் விசுவாசியின் காதில் விழவே இல்லை. ஞாயிறுதோறும் அந்தப் பகுதி வாசிக்கப்பட்டாலும் அவர் ஒரு மந்திரி, அவ்வளவுதான்.

அந்த எத்தியோப்பியர் தேரில் படித்துக்கொண்டிருந்தது ஏசாயாவின் நூல். உபாகமம் 23 விதையடிக்கப்பட்டவரைச் சபைக்குள் வரக்கூடாதென்று விலக்குகிறது. ஏசாயா 56 அந்த விலக்கை நீக்கி, தம்மைப் பட்டமரம் என்று அவர் எண்ண வேண்டாம், பிள்ளைகளினும் மேலான பெயர் அவருக்கு உண்டு என்கிறது. ஒரே வேதாகமத்துக்குள் ஒரு விதி பின்னொரு குரலால் திருத்தப்படுகிறது. சட்டம் படித்தவர்களுக்கு இது புதிதன்று.

எதிர்ப்பாளர் அதிகம் காட்டுவது 1 கொரிந்தியர் 6. அங்கே வரும் இரு கிரேக்கச் சொற்களைத் தமிழ் திருப்புதல் ‘சுயபுணர்ச்சிக்காரர்’, ‘ஆண்புணர்ச்சிக்காரர்’ என்று பெயர்த்தது. ஆங்கிலத்தில் 1946இல் வந்த திருத்திய புதிய ஏற்பாடு இவ்விரண்டையும் சேர்த்து ‘தன்பாலீர்ப்பாளர்’ என்ற ஒரே சொல்லாக்கியது. 1971 பதிப்பில் அதையும் மாற்றினார்கள். முதற்சொல்லின் நேர்ப்பொருள் ‘மென்மையானவர்’ என்பது மட்டுமே. அதைச் சுயபுணர்ச்சி என்று தமிழும் தன்பாலீர்ப்பு என்று ஆங்கிலமும் கொண்டன என்றால், இந்த வசனத்தின் பேரில் ஒரு பிள்ளையை வீட்டைவிட்டுத் துரத்துகிறவர் எந்த மொழிபெயர்ப்பின் பேரில் துரத்துகிறார் என்று கேட்கலாம்.

தலித் இறையியல் இந்தக் கேள்விக்கு ஏற்கெனவே வழி அமைத்திருக்கிறது. அரவிந்த் நிர்மல் 1980களில் சென்னை குருகுலம் இறையியல் கல்லூரியில் வளர்த்த சிந்தனையின் அடிப்படை, ஒடுக்கப்பட்டவரின் வலியிலிருந்தே கடவுளைப் பற்றிப் பேச வேண்டும் என்பது. மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் கற்பித்த தியோபிலஸ் அப்பாவு, ‘பரட்டை’ என்று மாணவர் அழைத்தவர், ‘ஒரே உலை’ என்ற எண்ணத்தைத் திருவிருந்தின் மையமாக்கினார்: தனித்தனியே சமைக்கும் வரை சமத்துவம் இல்லை. அந்த உலையில் பால்புதுமையருக்கும் அரிசி உண்டா என்று கேட்பது அவருடைய சிந்தனையின் தொடர்ச்சியே. இந்தத் திசையில் திருச்சபைகளின் கூட்டமைப்பு மட்டத்தில் வேலை நடந்திருக்கிறது. 1914இல் தோன்றி நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்டிருக்கும் இந்தியத் திருச்சபைகளின் தேசிய மன்றம், பாலினப் பன்மைக்கெனத் தனியே ஒரு மன்றம் நடத்துகிறது. ஜார்ஜ் சக்கரியாவும் வின்சென்ட் ராஜ்குமாரும் தொகுத்த, திருச்சபையும் தன்பாலீர்ப்பு வெறுப்பும் பற்றிய கட்டுரை நூல் 2015இல் வெளிவந்தது. ஆனால் இவை ஆங்கிலத்தில், கல்லூரி வளாகங்களில் நிகழ்ந்தவை. கடத்தூர் ஜெபவீட்டு ஆயரின் மேசைக்கு இவை வந்து சேரவில்லை.

நீதிமன்றத்தில் யார் பக்கம் யார்

பிரிவு 377 வழக்கில் எதிர்த்தரப்பில் நின்றவர் பட்டியலை நம் மாணவர்கள் ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். 2009 ஜூலை 2 அன்று தில்லி உயர்நீதிமன்றம் நாஸ் அறக்கட்டளை வழக்கில் அளித்த தீர்ப்பை எதிர்த்து உச்சநீதிமன்றம் சென்றவர்களில் அப்போஸ்தல சபைகளின் கூட்டமைப்பும் உத்கல் கிறித்தவ மன்றமும் உண்டு. அதே பட்டியலில், மனுவின் பெயரைத் தன் பெயரிலேயே தாங்கிய ‘கிராந்திகாரி மனுவாதி மோர்ச்சா’ என்ற கட்சியும் உண்டு. தலித் விசுவாசிகளின் காணிக்கையில் வளர்ந்த சபைகளின் பெயரால் பேசுவோர் மனுவாதியோடு ஒரே வரிசையில் நின்ற நாள் அது. 2013 டிசம்பர் 11 அன்று அந்த வரிசை வென்றது. 2018 செப்டம்பர் 6 அன்று நவ்தேஜ் சிங் ஜோஹர் தீர்ப்பில் தோற்றது.

எல்லாக் கிறித்தவரும் அவ்வரிசையில் இல்லை என்பதையும் பதிவு செய்ய வேண்டும். தன்பாலீர்ப்பாளரைத் திருச்சபை ஒருபோதும் குற்றவாளிகளாகக் கருதியதில்லை என்று 2013 தீர்ப்புக்குப் பின் மும்பை கர்தினால் ஆஸ்வால்ட் கிராசியஸ் வெளிப்படையாகச் சொன்னார். பாவம் வேறு, குற்றம் வேறு என்ற அந்தப் பிரிப்பு நமக்குப் போதாது. ஆனால் சட்டத்தின் முன் அது பயன்பட்டது.

‘விடுதலை ஜெபம்’

எங்களிடம் வரும் கேள்விகளில் மிக அவசரமானது இதுதான். பிள்ளை திருநங்கை என்றோ, தன்பாலீர்ப்புள்ளவர் என்றோ தெரிந்தவுடன் பெற்றோர் அவரை ஜெபவீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். பேய் பிடித்திருக்கிறது என்று உபவாசம், இரவு ஜெபம், சில இடங்களில் அடி, பூட்டிவைத்தல். இதைத் தடுக்கச் சட்டம் என்ன செய்கிறது?

2021 ஜூன் 7 அன்று எஸ். சுஷ்மா வழக்கில் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், பாலீர்ப்பை மருத்துவத்தால் மாற்றும் முயற்சிகளைத் தடை செய்தார். அதில் ஈடுபடும் தொழில்முறையாளரின் உரிமத்தைப் பறிக்கவும் இடமளித்தார். தேசிய மருத்துவ ஆணையம் 2022 ஆகஸ்டில் அதைத் தொழில் ஒழுங்கீனமாக அறிவித்தது. ஆனால் ஜெபவீட்டு ஆயருக்குப் பறிக்க உரிமம் ஏது? இந்த இடைவெளியில்தான் ‘விடுதலை ஜெபம்’ நடக்கிறது. அதற்காகச் சட்டம் கைவிரித்துவிட்டது என்று பொருள் இல்லை. பாதிக்கப்பட்டவர் திருநர் என்றால் 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின் 18ஆம் பிரிவு உடல், மனம், பொருளாதாரம் சார்ந்த கொடுமைகளுக்கு ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறை விதிக்கிறது. வீட்டைவிட்டும் ஊரைவிட்டும் வெளியேற்றுவதும் அதே பிரிவுக்குள் வரும். எவராக இருந்தாலும், பூட்டிவைத்தல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 127ஆம் பிரிவு, அடித்தல் 115, மிரட்டல் 351. பதினெட்டு வயது நிரம்பாதவர் என்றால் இளைஞர் நீதிச் சட்டத்தின் 75ஆம் பிரிவு. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, தன் சமூகத்தின் ஒழுக்க மரபுகளுக்கோ மத நம்பிக்கைகளுக்கோ ஒத்துப்போகாமையை மனநோய்க்கு அளவுகோலாகக் கொள்ளக் கூடாது என்கிறது. சங்கிலியால் கட்டுவதை எந்த வடிவிலும் தடை செய்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியோடு கருகிய 28 பேரை மறந்தவர்களுக்குத்தான் இந்தப் பிரிவு வியப்பாக இருக்கும்.

காவல் நிலையத்தில் ‘குடும்ப விவகாரம்’ என்று திருப்பி அனுப்பினால், 2022இல் தமிழ்நாடு காவல் சார்நிலை அலுவலர் நடத்தை விதிகளில் சேர்க்கப்பட்ட 24-சி விதியை எடுத்துச் சொல்லுங்கள். பால்புதுமையரையும் அவர்களுக்குத் துணைநிற்போரையும் துன்புறுத்தக் கூடாது என்பது அது. மேலும் 2025 மே 22 அன்று சென்னை உயர்நீதிமன்றத்தின் நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதன், வி. லட்சுமிநாராயணன் அமர்வு, திருமணம் இல்லாமலும் குடும்பம் அமையலாம், தெரிவு செய்துகொண்ட குடும்பம் என்பது சட்டம் ஏற்ற ஒன்று என்று கூறி, பெற்றோரால் தடுத்துவைக்கப்பட்ட இளம்பெண்ணைத் தம் விருப்பப்படி செல்ல அனுமதித்தது. வயதுவந்த பெண்ணைப் பெற்றோர் பிடித்துவைத்தால் ஆட்கொணர்வு மனு நம் கையிலுள்ள விரைவான கருவி.

திருமணம்

2019 ஏப்ரல் 22 அன்று அருண்குமார், ஸ்ரீஜா வழக்கில் மதுரை அமர்வு, இந்து திருமணச் சட்டத்திலுள்ள ‘மணமகள்’ என்ற சொல் திருநங்கையையும் குறிக்கும் என்றது. கிறித்தவருக்கு? 2023 அக்டோபர் 17 அன்று சுப்ரியோ வழக்கில் ஒருபால் திருமணத்தை ஏற்க மறுத்த உச்சநீதிமன்றம், எதிர்பால் உறவிலுள்ள திருநர் நடைமுறையிலுள்ள எந்தத் திருமணச் சட்டத்தின் கீழும், தனிநபர் சட்டங்கள் உட்பட, மணம் செய்யலாம் என்று தெளிவாக்கியது. ஆகவே 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறித்தவத் திருமணச் சட்டமும் அவர்களுக்குத் திறந்ததே. ஆனால் நல்ல மனமுள்ள ஆயர் ஒருவர் கிடைத்துவிட்டால் போதாது. அச்சட்டத்தின்படி மணம் நடத்த அவர் உரிமம் பெற்றவராகவோ முறைப்படி அபிஷேகம் பெற்ற சபையைச் சார்ந்தவராகவோ இருக்க வேண்டும். தன்னிச்சை ஜெபவீட்டு ஆயர்கள் பலருக்கு அந்த உரிமம் இல்லை; அதிகாரமின்றி மணம் நடத்துவதற்கு 68ஆம் பிரிவு பத்தாண்டு வரை சிறை வைக்கிறது. அன்பு காட்டப்போய் அவரும் சிக்குவார், மணமும் நிற்காது.

மாற்று வழி 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம். அதில் முப்பது நாள் அறிவிப்பு சார்பதிவாளர் அலுவலகப் பலகையில் தொங்கும். தருமபுரியில் அந்தப் பலகையை யார் படிப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

சாதிச் சான்றிதழ்

இங்கே ஒரு கசப்பான கணக்கை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். வரவேற்கும் சபை கிடைத்து, ஞானஸ்நானமும் பெற்ற தலித் பால்புதுமையர், அந்தத் தண்ணீரிலேயே தம் பட்டியல் சாதித் தகுதியை இழக்கிறார். 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி கிறித்தவரையும் இசுலாமியரையும் வெளியே நிறுத்துகிறது. சீக்கியருக்கு 1956இலும் பௌத்தருக்கு 1990இலும் அது தளர்த்தப்பட்டது. சென்னையில் செருப்புத் தைத்துவந்த சூசை தொடுத்த வழக்கை உச்சநீதிமன்றம் 1985இல் தள்ளியது. 2024 நவம்பர் 26 அன்று புதுச்சேரிப் பெண் செல்வராணியின் வழக்கிலும், ஞானஸ்நானம் பெற்று ஆலயம் செல்பவர் பட்டியல் சாதிச் சான்று கோர முடியாது என்றது. 2025 ஏப்ரலில் ஆந்திர உயர்நீதிமன்றம், ஆயராகப் பணியாற்றும் ஒருவர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பைக் கோர முடியாது என்று கூறியது. இழப்பு வேலையோடு நிற்பதில்லை, பாதுகாப்பும் போகிறது.

தமிழ்நாட்டில் கிறித்தவ ஆதிதிராவிடர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கின்றனர். 2015இல் மாநில அரசு திருநரை மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்த்து, பாலினத்தை ஒரு சாதியாக்கியது. இதைத் தொடக்கத்திலேயே எதிர்த்தவர் கிரேஸ் பானு. தலித் திருநங்கையை, தலித் என்ற பாதியையோ திருநங்கை என்ற பாதியையோ விடச் சொல்லும் ஏற்பாடு அது. ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் கிடைமட்ட இட ஒதுக்கீடே தீர்வு என்பது அவருடைய நெடுநாள் கோரிக்கை. 2024 ஜூன் 12 அன்று ரக்ஷிகா ராஜ் வழக்கில் நீதிபதி ஜி.கே. இளந்திரையன் அந்த அரசாணையை நீக்கி, ஒரு விழுக்காடு கிடைமட்ட ஒதுக்கீடு வழங்கப் பணித்தார். அது முழுமையாக நடைமுறையாகும்போது தலித் கிறித்தவத் திருநங்கைக்கும் பயன் உண்டு. அதுவரை, ஞானஸ்நானம் பற்றி நம்மிடம் கேட்பவருக்கு, நம்பிக்கை அவருடையது, அதில் தலையிட நாம் யாரும் இல்லை, ஆனால் ஆவணத்தில் என்ன மாறும் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு முடிவெடுங்கள் என்று சொல்கிறோம். தெரிவிக்காமல் ஞானஸ்நானம் கொடுக்கும் ஊழியம், எத்தனை அன்போடு வரவேற்றாலும், பாதி உண்மையோடுதான் வரவேற்கிறது.

வெளியுலகில்

இத்தகைய ஊழியங்களின் முன்வரலாறு அமெரிக்காவில் தொடங்குகிறது. தன்பாலீர்ப்பாளர் என்பதால் பெந்தெகொஸ்தே ஊழியத்திலிருந்து விலக்கப்பட்ட டிராய் பெர்ரி, 1968 அக்டோபர் 6 அன்று கலிபோர்னியாவில் தம் வீட்டு அறையில் பன்னிரண்டு பேரோடு தொடங்கிய கூட்டம் மெட்ரோபாலிட்டன் சமூகத் திருச்சபையாக வளர்ந்தது. நம் ஜெபவீடுகளைப் போலவே அதுவும் வாடகை மண்டபங்களில் அலைந்த சபைதான். 1970களின் நடுவில் உளவியலாளர் ரால்ஃப் பிளேர் சுவிசேஷ மரபுக்குள்ளேயே இருந்துகொண்டு தன்பாலீர்ப்பு விசுவாசிகளுக்கென ஓர் அமைப்பை நிறுவினார். அதே காலத்தில், 1976இல், ஜெபத்தால் மாற்றுவோம் என்று எக்சோடஸ் என்ற எதிர் ஊழியமும் தோன்றியது. முப்பத்தேழு ஆண்டுக்குப் பின் 2013 ஜூனில் அதன் தலைவர் ஆலன் சேம்பர்ஸ் பகிரங்க மன்னிப்புக் கேட்டு அமைப்பையே கலைத்தார். அங்கே கைவிடப்பட்ட அந்த முறையை இங்கே இன்றும் ‘ஆவிக்குரிய சிகிச்சை’ என்று விற்கிறார்கள்.

வரவேற்கும் சபைகளுக்குள்ளும் அங்கே இரு தரப்பு உண்டு. ஏ தரப்பு, பி தரப்பு என்பார்கள். ஒருபால் இணையரின் உறவைக் கடவுள் ஆசீர்வதிக்கிறார் என்பது முன்னது. ஈர்ப்பு பாவம் அன்று, ஆனால் துறவு வாழ்க்கை வாழ வேண்டும் என்பது பின்னது. நம்மூரில் வரவேற்பைப் பற்றிப் பேசும் சுவிசேஷ ஊழியங்கள், பெயர் வைக்காமலே, பெரும்பாலும் பின்னதில் நிற்கின்றன. பணமும் இதில் பேசும். 2014 மார்ச்சில் வேர்ல்டு விஷன் நிறுவனத்தின் அமெரிக்கப் பிரிவு, ஒருபால் மணம் புரிந்த கிறித்தவரையும் பணியில் சேர்ப்போம் என்று அறிவித்தது. நன்கொடையாளர் சினந்ததும் இரண்டே நாளில் அதைத் திரும்பப் பெற்றது.

1973 ஜூன் 24 அன்று நியூ ஆர்லியன்சில் அப்ஸ்டேர்ஸ் லவுஞ்ச் என்ற விடுதி எரிக்கப்பட்டபோது இறந்த 32 பேரில் பலர் மெட்ரோபாலிட்டன் சபையினர். நகரத்துத் திருச்சபைகள் பல அவர்களுக்கு நினைவு ஆராதனை நடத்தக்கூட மறுத்தன. கல்லறைக்கு முன் நிற்கும் மறுப்பு நமக்குப் பழக்கமானது. சாதிக்கொரு சுவர் எழுப்பிய கல்லறைத் தோட்டங்கள் இம்மாநிலத்தில் இன்னும் இருக்கின்றன.

ஆகவே ஒரு தலித் பால்புதுமையரை ஏதேனும் ஊழியத்துக்கு ஆற்றுப்படுத்தும் முன், அதன் ஆயரிடம் ஐந்து நிமிடம் நேரில் பேசுங்கள். இவர் பெயரைச் சபைப் பதிவேட்டில் எந்தப் பெயராக எழுதுவீர்கள்? திருவிருந்து கொடுப்பீர்களா? பெற்றோர் வந்து ஜெபித்து மாற்றுங்கள் என்றால் என்ன சொல்வீர்கள்? இவர் இறந்தால், உறவினர் வந்து முடியை வெட்டி, பழைய பெயரில், ஆண் உடையில் புதைக்கக் கேட்டால், இவரோடு வாழ்ந்தவர்களின் சொல்லை ஏற்பீர்களா, அவர்களுடையதையா? கடைசிக் கேள்விக்குத்தான் நீண்ட அமைதி நிலவுகிறது. கடத்தூர், பொம்மிடிப் பக்கத்தில் இதுவரை நாம் கேட்ட ஆயர்களில் இருவர், இவரோடு வாழ்ந்தவர்களின் சொல்லையே ஏற்போம் என்றனர். அதைச் சபைக் குறிப்பேட்டில் எழுதித் தருமாறு கேட்டிருக்கிறோம்.